சுவருக்குள் இருக்கும் ஒயர் யாருடையது?

நங்கநல்லூரில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டில், அம்மாவின் அறைக்கு ஒரு கேபிள் டிவி ஒயர் இழுக்க ஏழு வாரம் ஆயிற்று. ஒயரின் நீளம் முப்பது மீட்டர்கூட இல்லை. இந்த ஏழு வாரத்தில் என்னிடம் கடுமையாகப் பேசியவர் எவரும் இல்லை. வீட்டு உரிமையாளர், கேபிள்காரர், லைன்மேன் ஆகிய மூவரும் மரியாதையாகத்தான், ஆளுக்கொரு முறை, அது தங்கள் வேலை இல்லை என்றார்கள்.

வீடு 1996இல் கட்டப்பட்டது. அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் டிவிக்கென்று ஹாலில் ஒரே ஒரு பாயின்ட்தான் இருக்கும். மொட்டை மாடியிலிருந்து சுவருக்குள் புதைத்த முக்கால் அங்குல பிவிசி குழாய் வழியாக ஒயர் அதற்கு இறங்கும். பிறகு வெளியே எல்லாம் மாறிவிட்டது. கட்டணச் சேனல்களுக்கான செட் டாப் பாக்ஸ் 2003 செப்டம்பரிலேயே சென்னைக்கு வந்தது. கேபிள் சட்டத்தை 2011இல் திருத்தியபோது, முழு டிஜிட்டல் ஒளிபரப்புக்கான முதல் கட்ட நகரங்களில் சென்னையும் ஒன்றாக இருந்தது. எங்கள் தெருவில் இப்போது கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர் போகிறது. ஆனால் எங்கள் சுவருக்குள் இன்னும் 1996தான்.

ஹால் டிவியில் படம் அடிக்கடி கட்டம் கட்டமாக உடைந்தது. மழை பெய்தால் சில சேனல்கள் அறவே வராது. பழைய அனலாக் முறையில் சிக்னல் குறைந்தால் புள்ளிகளுக்கு நடுவிலாவது முகம் தெரியும், குரலும் கேட்கும். டிஜிட்டலில் அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஓர் அளவுவரை பளிச்சென்று வரும், அதற்குக் கீழே போனால் திரை உறைந்துவிடும். லைன்மேன் மொட்டை மாடியில் சிக்னலின் வலுவை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தார். எழுபது டெசிபலுக்கு மேல் காட்டியது. ஹாலில் அதே மீட்டர் நாற்பத்திரண்டு என்றது. இடையில் எங்கே போயிற்று என்று தேடியபோது, எங்களுக்கு முன் குடியிருந்தவர்களின் வரலாறே வெளிவந்தது. மாடிப்படி வளைவில் இன்சுலேஷன் டேப் சுற்றிய மூன்று ஜாயின்ட்; யாரோ பிள்ளைகளின் அறைக்காகப் போட்டு, அப்படியே விட்டுப்போன, ஒரே ஒயரின் சிக்னலை நாலாகப் பிரிக்கும் நாலு வழி ஸ்ப்ளிட்டர். நாலு வழி ஸ்ப்ளிட்டர் என்றால், மற்ற மூன்று முனைகளில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு முனையிலும் ஏழு டெசிபல் அளவுக்குச் சிக்னல் குறையும். காலி செய்துகொண்டு போனவர்களின் டிவிக்கும் சேர்த்து நாங்கள் சிக்னலைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தோம்.

ஸ்ப்ளிட்டரைக் கழற்றியதிலேயே ஹாலில் நிலைமை பாதி சரியாயிற்று. அம்மாவின் அறைக்குத்தான் புது ஒயர் தேவைப்பட்டது. இரண்டாவது டிவிக்கு எவ்வளவு கட்டணம் என்பதில் குழப்பமே இல்லை. ஒயர் என்றதும் பேச்சு மாறியது. பாக்ஸ் வரைக்கும் சிக்னல் கொடுப்பது தங்கள் பொறுப்பு, சுவரைத் தொடுவது ஓனர் விஷயம் என்றார் கேபிள்காரர். கேபிள் என்பது குடியிருப்பவரின் வசதி, வீட்டோடு சேர்ந்ததன்று என்றார் உரிமையாளர். புதைத்த குழாய் வழியாகவே இழுத்துவிடலாம் என்று லைன்மேன் ஒயர் இழுக்கும் ஸ்பிரிங்கை உள்ளே விட்டுப் பார்த்தார். பழைய ஒயர் உள்ளேயே இறுகிப்போயிருந்ததால் அது முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. சுவரில் துளை போட்டு வெளிவழியாகக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழி இல்லை.

துளை என்ற சொல்லுக்கு உரிமையாளர் முகம் மாறியதை நான் குறை சொல்ல மாட்டேன். முன்பு ஒருவர் ஏசிக்காகப் போட்ட ஓட்டையைச் சரியாகப் பூசாமல் போனதில், மழைநீர் இறங்கிப் படுக்கையறைச் சுவர் முழுவதும் ஓதம் கண்டுவிட்டதாம். “தம்பி, நீங்க ரெண்டு வருஷத்துல கிளம்பிடுவீங்க, சுவர் என்கூடத்தானே இருக்கும்” என்றார். நியாயமான கேள்விதான். அதே கேள்வியைத் திருப்பியும் கேட்கலாமே: சுவர் அவருடன் இருக்கும் என்றால், அதற்குள் இருக்கும் ஒயரும் அவருடன்தானே இருக்கப்போகிறது? நான் காசு கொடுத்துப் போடும் நல்ல ஒயரை அடுத்துக் குடிவருபவர்தான் அனுபவிக்கப்போகிறார்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் படித்தேன். வீட்டின் உள்ளும் புறமும் உள்ள மின் ஒயரிங், குழாய்களை மாற்றுவது, வெள்ளையடிப்பது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட், தண்ணீர்க் குழாயின் வாஷர் போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. வாஷருக்கே இடம் கொடுத்திருக்கும் அந்தப் பட்டியலில் டிவி ஒயரை நான் காணவில்லை. மின் ஒயரிங்கைப் போல இதுவும் சுவரோடு ஒட்டியது, பிடுங்கிக்கொண்டு போக முடியாதது. ஆகவே இதுவும் உரிமையாளர் கணக்கில்தான் வர வேண்டும் என்பது என் கருத்து. பாக்ஸ், ரிமோட், மாதக் கட்டணம் ஆகியவற்றை வாடகைதாரர் பார்த்துக்கொள்ளட்டும்.

“இந்தக் காலத்தில் கேபிள் எதற்கு, எல்லாம் இன்டர்நெட்டில் வருகிறதே” என்று நண்பர்கள் கேட்டார்கள். எழுபத்து நான்கு வயதில் அம்மாவுக்குத் தெரிந்தது சேனல் எண்கள்தான். அந்த எண்ணை அழுத்தினால் அந்தத் தொடர் வர வேண்டும். மேலும், இன்டர்நெட்டுக்கான ஃபைபரும் ஏதாவது ஒரு சுவரைத் துளைத்துத்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது.

கடைசியில் மழைநீர்க் குழாயை ஒட்டி ஆர்ஜி-6 என்ற வகை டிவி ஒயரை இறக்கி, ஜன்னல் சட்டத்துக்கு அருகே ஒரே ஒரு சிறு துளை போட்டோம். ஒயர் வெளியே சற்றுத் தாழ வளைந்து பிறகே உள்ளே ஏறும்படி விட்டதால், அதன் வழியே வழியும் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும்; லைன்மேனின் இந்த யோசனைதான் உரிமையாளரைச் சம்மதிக்க வைத்தது. ஒயர், கனெக்டர், கூலி எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய் ஆயிற்று. அதை நான்தான் கொடுத்தேன். காலி செய்யும்போது ஒயரை எடுத்துவிட்டுத் துளையைப் பூசித் தர வேண்டும் என்று உரிமையாளர் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். வருகிற மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும், 2,400 ரூபாயில் பாதியை வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப்போகிறேன். அம்மா மட்டும், இப்போது படம் நன்றாக வருகிறது, அவரிடம் போய் எதையும் கிளறாதே என்கிறார்.