நாலு குளோவ்

பெங்களூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்தா செய்யக் கிளம்பினேன். ஆங்கிலச் செய்முறையில் 'நாலு குளோவ், நசுக்கியது' என்றிருந்தது. நாலு கிராம்பை டம்ளர் அடியால் நசுக்கித் தக்காளியோடு வதக்கினேன். முதல் வாயிலேயே நாக்கு மரத்துவிட்டது. அறை நண்பன் தட்டைத் தள்ளி வைத்தான். "டேய், அது பூண்டுப் பல்லு. நீ பல்வலி மருந்தைப் போட்டிருக்க."

ஒரே சொல்லில் பூண்டும் கிராம்புமா என்று அன்று ஆங்கிலத்தைத் திட்டினேன். (தமிழில் எழுதினால் கையுறையும் இதே எழுத்தில் வந்து நிற்கும். அந்தப் பாவம் ஆங்கிலத்தைச் சேராது.) இப்போது என் கோபமெல்லாம் நான் வைத்திருந்த கையடக்க அகராதிமேல்தான். 'கிராம்பு, பூண்டுப் பல்' என்று நடுவில் ஒரு காற்புள்ளி போட்டு முடித்திருந்தார்கள். படிப்பவன் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்றுதானே நினைப்பான்? அவை இரண்டு சொற்கள். ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

கிராம்புக்கான சொல் லத்தீனின் 'கிளாவுஸ்', அதாவது ஆணியிலிருந்து வந்தது. காய்ந்த மொட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், காம்பும் கொண்டையுமாகக் குட்டி ஆணியேதான். ஜெர்மன்காரர்கள் வைத்த 'நெல்கெ'யும் குட்டி ஆணிதான். பிரெஞ்சில் 'கிளூ த ஜிரோஃப்ல்'. அது ஆங்கிலத்துக்குள் நுழைந்ததும் இரண்டாக உடைந்தது. முன்பாதி மசாலா டப்பாவுக்குப் போனது. பின்பாதி கிராம்பு வாசம் வீசும் ஒரு பூவுக்குப் போய் 'கில்லிஃபிளவர்' ஆனது. அதிலுள்ள 'ஃபிளவர்', கடைசி ஒலியைக் கேட்டுப் பூ என்று நினைத்துக்கொண்டவர்கள் ஒட்டியது. எனக்கு மிகவும் பிடித்த தவறு இது. கம்பளியையும் பாலாடைக்கட்டியையும் நிறுக்க ஏழெட்டு பவுண்டு கொண்ட ஒரு பழைய எடைக்கும் இந்த ஆணிப்பெயர் இருந்தது.

பூண்டு குளோவ் அசல் பழைய ஆங்கிலம். பிளப்பதைச் சொல்லும் 'கிளீவ்' என்ற வினைக்குச் சொந்தம். மாட்டின் பிளந்த குளம்பும் சாரணர்கள் கம்பத்தில் போடும் குளோவ் முடிச்சும் அந்த வினையின் பிள்ளைகள். முடிச்சைப் பின்பக்கம் பார்த்தால் கயிறு பிளந்ததுபோல் இரண்டு கோடாகத் தெரியும்.

அதே பூண்டில் அவர்கள் பிளவைப் பார்த்தார்கள், நாம் பல்லைப் பார்த்தோம். சரி, அகராதிக்கு வருகிறேன். இரண்டையும் எண் போட்டுத் தனித்தனிப் பதிவாகக் கொடுத்தால் கூடுதலாக ஒரு வரிதானே ஆகும்?

நண்பன் இன்னும் மறக்கவில்லை. அவன் வீட்டுப் பிரியாணியில் கிராம்பு தட்டுப்பட்டால் எடுத்து என் இலையில் வைப்பான்: "இந்தா, உன் பூண்டு."