'முற்றுகை' பத்திரிகைச் சொல் அல்ல

'முற்றுகை' என்பது ஆங்கிலச் சொல்லுக்காகப் பத்திரிகைகள் உருவாக்கிய புதுச்சொல் என்று சிலர் சொல்வதுண்டு. கலெக்டர் ஆபீஸ் முற்றுகை, எம்.எல்.ஏ. வீடு முற்றுகை என்று தினமும் தலைப்பு பார்ப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அது சரியல்ல.

முற்றுதல் என்றாலே வளைத்துக்கொள்ளுதல் என்ற பொருள் சங்க காலத்திலிருந்தே உண்டு. செய்கை, வருகை போல அதோடு 'கை' சேர்ந்ததுதான் முற்றுகை.

புறநானூறு 109ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். பாரியின் பறம்பு மலையைப் பற்றிக் கபிலர் பாடியது. இரண்டாவது அடியே 'நளிகொள் முரசின் மூவிரும் முற்றினும்', அதாவது (சேர, சோழ, பாண்டியராகிய) நீங்கள் மூவரும் சூழ்ந்துகொண்டாலும் என்பதுதான். பட்டினி போட்டுப் பணியவைக்கவும் முடியாதாம்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என உழாமலே கிடைப்பவை நான்கு அங்கே உண்டு. (முற்றுகையின் சூட்சுமமே சோற்றில்தான் இருக்கிறது, கபிலருக்கு அது தெரிந்திருக்கிறது!)

தொல்காப்பியப் புறத்திணையியலில் உழிஞைக்கான (கோட்டையை வளைத்துப் போரிடும் திணை) நூற்பாவும் 'முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்', அதாவது கோட்டையை வளைத்தலும் கைப்பற்றுதலும் என்றே சொல்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இரண்டுமே உரையோடு இலவசமாகக் கிடைக்கும்.