1965-ல் சிங்கப்பூர் வெறும் மீனவக் கிராமமா?

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது: "1965-ல் சிங்கப்பூர் மீனவக் கிராமம், ஆப்பிரிக்காவும் அதே நிலைதான். நாம் உழைத்தோம், அவர்கள் உழைக்கவில்லை." இது தவறு.

1819 முதலே சிங்கப்பூர் தீர்வையில்லாத் துறைமுகம். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கப்பல்கள் குவிந்தன. மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும் இந்த வழியாகப் போயின. 1965-ல் தனிநபர் வருமானம் ஏறத்தாழ 500 அமெரிக்க டாலர், அன்றைய ஆசியாவில் அது குறைவே அல்ல. குடிசைகளும் வேலையின்மையும் இருந்தன, சரி. ஆனால் துறைமுகம், வங்கி, நீதிமன்றம் எல்லாம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தன.

காங்கோவின் கதை வேறு. 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் அந்த நாட்டையே தன் சொந்தச் சொத்தாக வைத்துக்கொண்டு, ரப்பருக்காக மக்களை அடித்து வேலை வாங்கினார். (உழைக்கவில்லையாம்!) அப்புறம் வந்த பெல்ஜிய அரசு சுரங்கங்களுக்கு ரயில் பாதை போட்டது, பல்கலைக்கழகக் கதவை மட்டும் 1950கள் வரை திறக்கவில்லை. 1960-ல் விடுதலை கிடைத்தபோது அங்கே காங்கோலியப் பட்டதாரிகள் 30 பேருக்கு மேல் இல்லை.

ஆப்பிரிக்கா முழுவதும் இதே நிலை என்பதும் பிழை. கடற்கரையே இல்லாத போட்ஸ்வானா 1966-ல் விடுதலை பெற்றது. மறு ஆண்டு கிடைத்த வைரத்தின் வருவாயைப் பள்ளிக்கும் சாலைக்கும் போட்டு, நடுத்தர வருமான நாடாகிவிட்டது.