காணாமல் போன மெகாஹெர்ட்ஸ்

மாமா: மாப்ளே, மோசம் போயிட்டேன்! 3200 வேகத்துல ஓடுற 8 ஜிபி ராம்னு சொல்லிக் குடுத்தாங்க. லேப்டாப்ல மாட்டினா டாஸ்க் மேனேஜர் 2400ங்குது. பாக்கி 800 எங்க?

மாப்ளே: யாரும் திருடல. உங்களுது ஐ5-8250யு ப்ராசஸர்தானே? ராமை ஓட்டுற மெமரி கன்ட்ரோலர் அதுக்குள்ளதான் இருக்கு. உங்க ராம் டிடிஆர்4ங்கிற வகை, அதுல இந்த ப்ராசஸருக்கு 2400தான் உச்சம். 3200 ராமும் அதுக்கு இறங்கித்தான் ஓடும்.

மாமா: லேப்டாப் ஆன் ஆகும்போது வர்ற பயாஸ் செட்டிங்ல ஏத்திக்கலாமே?

மாப்ளே: பெரும்பாலான லேப்டாப்ல அந்த வசதியே கிடையாது.

மாமா: சரி, 2400ஆவது மிஞ்சட்டும்னு சிபியு-இசட்ங்கிற சாஃப்ட்வேர்ல பாத்தேன். 1197ங்குது! இன்னும் ரெண்டு சாஃப்ட்வேர்ல பாத்தா மைனஸ்ல போயிடும் போல.

மாப்ளே: பாக்குறதை நிறுத்துங்க மாமா. 1197 கடிகாரத் துடிப்பு. ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை டேட்டா போகும், அதான் கிட்டத்தட்ட 2400. டப்பாவில பெரிய நம்பரை அச்சடிச்சாதானே விக்கும்?

மாமா: ஆனா கேம் பழைய மாதிரியேதான் திக்குது.

மாப்ளே: டாஸ்க் மேனேஜர்ல ராம் சொருகுற ஸ்லாட் எத்தனை உபயோகத்துல இருக்குன்னு பாருங்க.

மாமா: ரெண்டுல ஒண்ணு.

மாப்ளே: பழைய 8 ஜிபி?

மாமா: அது 2400தான். மெதுவானது பக்கத்துல இருந்தா புதுசும் கெட்டுப்போகும்னு கழட்டிட்டேன்.

மாப்ளே: அட, அது என்ன சகவாச தோஷமா? ஒரே ராம்னா நொடிக்கு 19.2 ஜிபிதான் போகும். 8 ஜிபி ரெண்டையும் போட்டா டூயல் சேனல், அதாவது ரெண்டு பாதையில ஒரே நேரத்துல டேட்டா போகும், 38.4. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்ல கேமும் இதே ராமைத்தான் உறிஞ்சும். வித்தியாசம் கண்ணுல தெரியும். வெறும் பிரவுசருக்கு இந்த வேகமெல்லாம் பெருசா தெரியாது, மொத்தம் 16 ஜிபி ஆகுறதுதான் லாபம்.

மாமா: கம்பெனி வேற வேறயா இருந்தா?

மாப்ளே: பெரும்பாலும் ஒத்துப்போகும். ஷட் டவுன் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கி, உள்ள பேட்டரி வயரையும் கழட்டிடுங்க. ராமைச் சாய்வா முழுசா சொருகி, ரெண்டு பக்கக் கிளிப்பும் 'டிக்'னு விழுற வரைக்கும் அமுக்குங்க. அரைகுறையா நின்னா ஸ்கிரீனே வராது. முதல் தடவை கொஞ்ச நேரம் கருப்பாவே இருந்தா பதறி ஆஃப் பண்ணாதீங்க, புது ராமைப் பழக்கிக்கிட்டிருக்கும். பழசை எடுங்க, போட்டுடலாம்.

மாமா: உன் தம்பி கேட்டான், குடுத்துட்டேனே.

மாப்ளே: அவன் லேப்டாப் டிடிஆர்5 ஆச்சே! ராம்ல வெட்டு இருக்கிற இடமே வேற, உள்ளயே போகாது.

மாமா: ஓ... அதுக்குத்தான் காலையில வந்து அரம் வாங்கிட்டுப் போனானா!