அத்தையின் முழம்

அத்தை முப்பது வருஷமாகத் தெற்குக் கோபுரத்துப் பக்கம் பூ விற்கிறார். மாட்டுத்தாவணியில் கிலோவாக வாங்குகிற மல்லியைக் கட்டி, முழம் போட்டுக் கொடுப்பார். தாராளமான முழம். பக்கத்துக் கடைக்காரம்மா கை கொஞ்சம் குட்டை. அந்தச் சண்டை தனிக்கதை.

மூன்று மாதமாக "நெஞ்சுக்குள்ள கல்லை வச்ச மாதிரி இருக்குய்யா" என்கிறார். ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனேன். மனச்சோர்வை அளக்கிற பி.எச்.க்யூ-9 படிவத்தை எடுத்தார். ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வார நிலவரம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27.

முதல் கேள்வி: காரியங்களைச் செய்வதில் ஆர்வமோ இன்பமோ குறைந்திருக்கிறதா?

"பூக் கட்டுறதுல என்ன தாயி இன்பம்? கட்டலைன்னா சோறு ஏது?"

பூஜ்யம். தூக்கத்துக்கு 3, அசதிக்கு 3, மற்றதெல்லாம் "அதெல்லாம் ஒண்ணுமில்ல." ஆக, ஆறு. லேசானதாம்.

எனக்கு எண் மேல் கோபமில்லை. துக்கத்தைத் தராசில் வைக்க முடியாது; எதையெல்லாம் துக்கம் என்று எண்ணப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துதான் ஆகவேண்டும். ஒரு கருத்தின் பொருளே அதை அளக்கும் செயல்முறைதான் என்று 1927இல் இயற்பியலாளர் பிரிட்ஜ்மன் எழுதினார். உளவியலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 1923இல், அறிவுத்திறன் என்பது அறிவுத்திறன் சோதனைகள் அளப்பதுதான் என்று உளவியலாளர் போரிங் சொல்லிவிட்டார். பாதி நேர்மை, பாதி குறும்பு என்றுதான் எனக்குப் படுகிறது. 1955இல் கிரான்பாக், மீல் என்ற இரண்டு உளவியலாளர்கள் கிடுக்கிப்பிடி போட்டார்கள்: நீ அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறாயா, காட்டு. சரிதானே? அத்தையின் முழம் என்றைக்கும் மாறாது. அதற்காக அது பூவின் மணத்தை அளந்துவிடுமா?

"எண்ணெல்லாம் எதுக்கு, ஆளைக் கேட்டால் போதாதா" என்கிறார்கள் நண்பர்கள். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார், வீட்டுக்கு வந்திருப்போம். ஆறு என்ற அந்த எண்ணாவது கிடைத்தது படிவத்தால்தான். கோளாறு 'இன்பம்' என்ற சொல்லில். எங்கள் தெருவில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? தமிழில் கேள்வி எழுதுகிறவர்கள் பூக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுதட்டும்.

கிளம்பும்போதுதான் எனக்கு உறைத்தது. போன வாரம் அழகர் ஆற்றில் இறங்கினார். சர்க்கரைச் செம்போடு விடியுமுன் வைகையில் நிற்கிற அத்தை இந்த வருஷம் வீட்டை விட்டு நகரவில்லை. சொன்னேன். ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா போகல?" என்றார்.

"அவரு வருஷா வருஷம் வர்றாரு. நான் பாத்து என்ன ஆகப்போகுது தாயி?"

முதல் கேள்வியின் பூஜ்யத்தை அடித்து 3 போட்டார். ஒன்பது. பத்திலிருந்துதான் நடுத்தரமாம், இன்னமும் லேசானதுதான். ஆனாலும் வியாழக்கிழமையே மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.