இந்திரனுக்கும் கொதிநெய்தான்

"படைச்சவன் எடுத்தான், கேக்க நீ யாரு?" 2004 சுனாமிக்குப் பிறகு நம்ம குமரிக் கடற்கரையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிப் பக்கம் இதைச் சொன்னார்கள். 2017-இல் ஒக்கி புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளையில் இருந்து கடலுக்குப் போனவர்கள் திரும்பாதபோதும் சொன்னார்கள். துட்டி வீட்டில் ஆறுதலுக்குச் சொன்னால் சரி, அந்த நேரத்தில் வேறென்னதான் வாயில் வரும்? ஆனால் அதையே வாதமாக்கி, "அவன் சர்வ வல்லவன், அதனால் அவன் செய்வதெல்லாம் நியாயம்" என்று அடித்துப் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒப்புதல் இல்லை. பெற்றவள் என்பதற்காகப் பிள்ளைக்குச் சூடு வைக்கலாமா? பெற்றதால் பொறுப்புதானே கூடுகிறது?

உடனே நக்கீரரை இழுக்கப் போவதில்லை. அவரை எல்லாரும் இழுத்தாயிற்று. நம்ம சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்கே வாருங்கள்.

அகலிகை விஷயத்தில் கௌதமரிடம் சாபம் வாங்கிய இந்திரன், இங்கே வந்து கொதிக்கும் நெய்யில் மூழ்கித்தான் பாவம் தீர்ந்தான் என்கிறது தலபுராணம். தேவர்களுக்கெல்லாம் ராஜா! "நான் இந்திரன், நான் செய்தால் தப்பில்லை" என்று அவனால் தப்பிக்க முடியவில்லை. இன்றைக்கும் அர்த்தஜாம பூஜைக்கு அவன் வருகிறான் என்பது நம்பிக்கை. அதனால்தான் இரவு பூஜை செய்தவர் மறுநாள் காலையில் நடை திறப்பதில்லை. (ஏமாற்றப்பட்ட அகலிகை கல்லாகிக் கிடந்தாளே, அந்தக் கணக்கு எனக்கு இன்னும் இடிக்கிறது. அது தனிப் பதிவு.)

இந்தக் கதையை ஒட்டியே திருவிதாங்கூர் காலத்தில் இங்கே 'கைமுக்கு' நடந்தது. ஒழுக்கக் குற்றம் சுமத்தப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை முக்க வேண்டும். கட்டுப் போட்டு, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் அதை நிறுத்தினார்கள், நல்லதாயிற்று. சிவன், விஷ்ணு, பிரம்மா மூவரும் ஒன்றான தாணுமாலயனின் கதையும் அதே கோயிலில்தான் இருக்கிறது. மும்மூர்த்திகளும் பிச்சைக்கு வந்து, ஆடையில்லாமல் பரிமாறச் சொன்னார்கள். அத்திரி முனிவரின் மனைவி அனுசூயை மூவரையும் கைக்குழந்தையாக்கித் தரையில் தவழ விட்டாள். தப்புக் கேட்டவர்கள் யார் என்று அவள் பார்க்கவில்லை.

"கடவுளுக்கு எல்லாம் தெரியும், நமக்குத்தான் காரணம் புரியவில்லை" என்று சிலர் சொல்வார்கள். அது வேறு வாதம், அதை நான் மதிக்கிறேன். அதில் ஒரு நியாயமான காரணம் இருந்தாக வேண்டும் என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள் அல்லவா? பலம் மட்டும் போதும் என்றால் காரணமே வேண்டாம். பிழைக்க வைத்தாலும் நல்லவன், மூழ்கடித்தாலும் நல்லவன் என்றால், 'நல்லவன்' என்று கும்பிடுவதற்கு என்னதான் பொருள்?

கன்னியாகுமரிக் கடலுக்குள் 133 அடியில் நிற்கிறாரே வள்ளுவர், அவர் ஒருபடி மேலே போனார். பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் 'பரந்து கெடுக உலகியற்றியான்' என்று படைத்தவனையே சபித்தார்.

நம்ம கடற்கரை நண்பர்கள் பைபிளில் எல்லாவற்றையும் இழந்து கடவுளிடம் நியாயம் கேட்ட யோபுவைக் காட்டுவார்கள். உண்மைதான், "பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய்?" என்று கடவுள் பெருங்காற்றில் இருந்து கேட்கிறார். நியாயம் கேட்டவனுக்கு வல்லமையைக் காட்டுவது பதிலா என்று எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் கடைசி அதிகாரத்தையும் படியுங்கள். கடவுளுக்காக வாதாடிய மூன்று நண்பர்கள் மேல்தான் அவருக்குக் கோபம். முறையிட்டுப் புலம்பிய யோபு பேசியதுதான் சரி என்கிறார். வக்கீலாகப் போன மூவரும் ஏழு காளையும் ஏழு ஆட்டுக்கடாவும் பலி கொடுத்து, அதே யோபுவிடம் போய்த் தங்களுக்காக ஜெபிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.