24 எழுத்து படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்

கொரியாவுக்குச் சுற்றுலா போன நம் தம்பி ஒருவர் 'நிறவெறி' என்று குமுறிப் போட்ட அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மூன்று நாளாக உள்பெட்டி முழுக்க அதுதான். "நம்மள எப்படி நடத்துறானுங்க பாத்தீங்களா?" என்று கேட்டவர்களில் பாதிப் பேர் கொரியாவில் கால் வைக்காதவர்கள். அவர்களை விட்டுவிடலாம். மீதிப் பேர் அங்கேயே இரண்டு வருடம், மூன்று வருடமாகக் குடியிருப்பவர்கள். அவர்களும் அதையே கேட்டதுதான் வலிக்கிறது.

நடந்தது என்ன? கையில் காபிக் கோப்பையோடு சியோல் நகரப் பேருந்தில் ஏறப்போன தம்பியை ஓட்டுநர் தடுத்து இறங்கச் சொன்னார். தம்பி அதற்கு நிறவெறி என்று பெயர் வைத்துவிட்டார். 2018 ஜனவரியிலிருந்து சியோலில் விதியே அதுதான். சிந்தக்கூடிய, மூடி இறுகாத, ஒருமுறை பயன்படுத்தும் கோப்பையில் பானம் கொண்டுவந்தால் ஓட்டுநர் ஏற்ற மறுக்கலாம். திருகு மூடி போட்ட பாட்டிலோ ஃபிளாஸ்க்கோ என்றால் பிரச்சினை இல்லை. கொரியாவிலேயே பிறந்த பள்ளிக்கூடப் பிள்ளையையும் இதே மாதிரிதான் இறக்குவார்கள். பேருந்துக் கதவருகே ஒட்டியிருந்த அறிவிப்பு தம்பியின் வீடியோவிலேயே தெரிகிறது. அவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. பிரச்சினை அவ்வளவுதான்.

படிக்கத் தெரியவில்லை. இந்தப் பதிவு முழுக்க நான் திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொரிய மொழியில் சரளமாகப் பேசச் சொல்லவில்லை. எழுத்தைப் படியுங்கள் என்கிறேன். மொத்தம் 24 எழுத்து: 14 மெய், 10 உயிர்.

1446-இல் மன்னர் செஜோங் இந்த எழுத்தை வெளியிட்டபோது கூட வந்த விளக்க நூலின் பின்னுரையிலேயே ஒரு வரி உண்டு. அறிவுள்ளவர் ஒரு காலைப்பொழுதுக்குள் கற்றுவிடலாம், மந்தமானவருக்கும் பத்து நாள் போதும் என்று. தம்பியின் பயணமும் சரியாகப் பத்து நாள்.

இதில் தமிழருக்கு இருக்கிற வசதி வேறு யாருக்கும் அவ்வளவாக இல்லை. நம் 'க' என்ற ஒரே எழுத்து 'கல்'லில் ஒரு மாதிரியும் 'தங்கம்' என்பதில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது. யாரும் நமக்கு அதை விதியாகச் சொல்லித் தரவில்லை, வாய் தானாகச் செய்கிறது. கொரிய எழுத்தில் க, த, ப மூன்றும் ஏறத்தாழ அப்படித்தான்: சொல்லின் தொடக்கத்தில் வன்மையாக, இரண்டு உயிருக்கு நடுவில் மென்மையாக. இறைச்சிக்கு 'கொகி', காலணிக்கு 'குது'. ஆங்கிலேயர் கொரிய மொழியின் 'உ' போன்ற ஓர் உயிரோடு மாதக்கணக்கில் போராடுவார்கள். அது நம் 'பாட்டு', 'காசு' இவற்றின் கடைசியில் வரும் குற்றியலுகரமேதான். உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரே கட்டமாவது நமக்குப் புதுசா? வினைச்சொல் கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், பெரியவருக்கு ஒரு விகுதி சிறியவருக்கு ஒரு விகுதி என்று இருப்பதும் நமக்குப் புதுசா? நாம் முக்கியமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மூச்சை வெளியே தள்ளிச் சொல்லும் எழுத்துகள் நம்மிடம் இல்லை. பந்துக்கான கொரியச் சொல்லையும் பயறுக்கான கொரியச் சொல்லையும் நம் வாய் ஒன்றாக்கிவிடும். ஆனால் அது பேசும்போது வரும் சிக்கல். படிக்கும்போது இல்லை.

"அப்பா, அம்மா ரெண்டு மொழியிலயும் ஒண்ணு, பாண்டிய இளவரசி கொரியா போனாங்க" என்று வருடத்துக்கு நான்கு முறை பகிர்கிறோம். அந்த நேரத்தில் பாதியை இந்த எழுத்துக்குக் கொடுத்திருந்தால் இந்த வீடியோவே வந்திருக்காது.

"கூகுள் மேப் இருக்கே அண்ணே, ஆங்கிலத்துல போர்டு இருக்கே" என்று வருவீர்கள், தெரியும். கூகுள் மேப்பை நம்பித்தான் தம்பி முதல் நாளே இரண்டு மணி நேரம் தொலைந்தார். துல்லியமான வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கொரிய அரசு 2016-இலும் அனுமதி மறுத்தது. பாதுகாப்புக் காரணம் சொன்னார்கள். அதனால்தான் அங்கே நடக்கும் வழி கேட்டால் கூகுள் மேப் வருடக்கணக்காகக் கைவிரித்தது. குடியிருப்பவர்கள் வைத்திருப்பது நேவர் மேப் அல்லது காகாவ் மேப். இரண்டிலும் ஆங்கிலம் உண்டு. ஆனால் சின்னக் கடையை, சந்தை வாசலை ஆங்கிலத்தில் தட்டினால் பாதி நேரம் வராது. கொரிய எழுத்தில் தட்டினால் உடனே வரும்.

ஆங்கிலப் பலகையின் கதை இன்னும் மோசம். அவர்களின் உயிரெழுத்தை ரோமன் எழுத்தில் எழுதுவது நம் காதுக்குப் பொருந்தாது. 'சின்ச்சோன்' என்று ஒரு நிலையம், 'சின்ச்சொன்' என்று ஒரு நிலையம், இரண்டும் 2-ஆம் வழித்தடத்தில், நகரின் எதிரெதிர்ப் பக்கம் இருந்தன. ரோமன் எழுத்தில் ஒரேயொரு 'e'தான் வித்தியாசம். இரண்டாவது நிலையத்துக்கு 2016-இல் ஜம்சில்செனே என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். கொரிய எழுத்தில் படித்தால் இரண்டுக்கும் ஒரு கோடு நிற்கும் இடமே வேறு, கண் உடனே பிடித்துவிடும். யங்ப்யொங் மட்டும் விதிவிலக்கு. 5-ஆம் வழித்தடத்தில் ஒன்று, சியோலுக்கு வெளியே வெகுதூரத்தில் கியொங்உய்-ஜுங்ஆங் வழித்தடத்தில் ஒன்று, இரண்டுக்கும் ஒரே எழுத்து. அங்கே மட்டும் வழித்தட நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணச் செலவைப் பற்றி வீடியோவில் புலம்பியதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். டி-மணி என்கிற பயண அட்டையை ஜிஎஸ்25, சியூ போன்ற கடைகளில் வாங்கலாம். பணம் ஏற்ற ரொக்கமாக வொன் வைத்திருங்கள், வெளிநாட்டு அட்டையைப் பெரும்பாலும் ஏற்காது. சுரங்க ரயிலின் அடிப்படைக் கட்டணம் 2025 ஜூன் இறுதியிலிருந்து 1,550 வொன். பேருந்தில் ஏறும்போது தட்டுவதுபோல் இறங்கும்போதும் தட்ட வேண்டும். தட்டி இறங்கிய 30 நிமிடத்துக்குள், இரவு 9 முதல் காலை 7 வரை என்றால் ஒரு மணி நேரத்துக்குள், அடுத்த வண்டியில் ஏறினால் அடிப்படைக் கட்டணம் மறுபடி வராது. நான்கு முறை வரை மாறலாம். இறங்கிய அதே எண் பேருந்தில் மறுபடி ஏறினால் அது மாற்றமாகக் கணக்கில் சேராது. எதிர்ப்பக்க நடைமேடைக்குத் தவறிப் போய்விட்டால், சியோலின் 1 முதல் 9 வரையான வழித்தடங்களில் 15 நிமிடத்துக்குள் வெளியே வந்து அதே நிலையத்தில் மறுபடி நுழையலாம், கூடுதல் கட்டணம் இல்லை. தம்பி இறங்கும்போது ஒருமுறைகூடத் தட்டவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுக் கட்டணம் கொடுத்துவிட்டு "ஊரே கொள்ளை" என்கிறார்.

சாப்பாடு. இதில் எனக்கு அனுதாபம் உண்டு. சைவமாக இருந்து அங்கே குடித்தனம் நடத்துவது கஷ்டம்தான். பிபிம்பாப் என்கிற கலவைச் சோற்றில் "கொகி பெஜுசேயோ" என்று சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டுத் தருவார்கள். ஆனால் கூட வரும் சூப் நெத்திலிச் சாறாக இருக்கும். கிம்ச்சியில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கும். குவாங்ஜாங் சந்தையில் பச்சைப்பயறை அரைத்துச் சுடும் பிந்தெத்தொக் பார்ப்பதற்கு நம் பெசரட்டுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். மாவில் பன்றி இறைச்சி கலந்திருக்கிறதா என்று கேட்காமல் வாயில் வைக்காதீர்கள்.

கடையில் வாங்கும் பாக்கெட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. பின்பக்கம் பொருள் பட்டியலுக்கு அருகே தனிக் கட்டம் ஒன்று இருக்கும், அது 'ஹம்யு' என்று முடியும், 'அடங்கியுள்ளது' என்று அர்த்தம். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை அதில் எழுதியே ஆக வேண்டும். த்வெஜிகொகி என்றால் பன்றி, ச்வெகொகி என்றால் மாடு, தக்கொகி என்றால் கோழி, செவு என்றால் இறால். ராம்யொன் என்கிற அவர்களின் நூடுல்ஸ் மசாலாப் பொடியில் மாட்டிறைச்சி இருப்பது சர்வ சாதாரணம். இந்த நான்கு சொல் போதும், மாடு தொடாதவர்கள் தப்பித்துவிடலாம். ஆனால் நெத்திலி அந்தக் கட்டாயப் பட்டியலில் கிடையாது. முழுச் சைவக்காரர்கள் மேலே இருக்கும் நீளமான பட்டியலையும் படித்தாக வேண்டும். அங்கே 'ஜொத்கல்' (உப்பிட்டுப் புளிக்கவைத்த கடலுணவு), 'எக்ஜொத்' (மீன் சாறு) என்று இருந்தால் வைத்துவிடுங்கள். மொழிபெயர்க்கும் செயலி படம் எடுத்தால் சொல்லாதா என்றால், சொல்லும், பப்பாகோ நன்றாகவே செய்யும். ஆனால் கசங்கிய பளபளப்பு உறையில் பொடி எழுத்தை அது தப்பாகப் படிக்கும்போது, தப்பு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

குப்பைக்காகப் பாட்டி ஒருவரிடம் திட்டு வாங்கியதும் நிறவெறியில் சேர்ந்துவிட்டது. 1995 முதல் நாடு முழுக்க இருக்கிற முறை அது. உங்கள் 'கு', அதாவது மாவட்டத்தின் பெயர் அச்சிட்ட பையைக் கடையில் வாங்கி அதில்தான் குப்பை போட வேண்டும். உணவுக் கழிவு தனி. நம்மவர்கள் மாட்டுவது இங்கேதான்: வெங்காயத் தோல், பூண்டுத் தோல், முட்டை ஓடு, எலும்பு, தேங்காய் ஓடு, டீத்தூள் எதுவும் உணவுக் கழிவு ஆகாது, சாதாரணக் குப்பை. விலங்குத் தீவனமாக மாற்ற முடியுமா என்பதுதான் அளவுகோல். அந்தப் பாட்டி கத்தியது நம் நிறத்தைப் பார்த்து இல்லை, உணவுத் தொட்டியில் கிடந்த முட்டை ஓட்டைப் பார்த்து. தொட்டி மூடியிலேயே எழுதியிருக்கிறது.

பெயர்ச் சிக்கலையும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இது தமிழர்களுக்கென்றே வருவது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, சிலருக்கு அப்பா பெயர். வந்து 90 நாளுக்குள் எடுக்க வேண்டிய பதிவு அட்டையில் ஒரு வரிசையில் பெயர் வரும். செல்பேசிக் கடைக்காரர் இடைவெளி இல்லாமல் சேர்த்து அடிப்பார், வங்கியில் வரிசை மாறும். பிறகு இணையத்தில் எதை வாங்கப் போனாலும் அடையாளச் சரிபார்ப்பு தோற்றுக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. தீர்வு எளிது. முதலில் செல்பேசி எண் உங்கள் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும், அறை நண்பர் பெயரில் இல்லை. பதிவு அட்டையில் உள்ளபடியே, அதே வரிசை, அதே இடைவெளி, பெரிய எழுத்தில் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு வங்கியிலும் அப்படியே மாற்றுங்கள். திரையில் வரும் பிழைச் செய்தி பெயர் பொருந்தவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். அதைப் படிக்காமல் ஆறு மாதம் அலைந்தவர்கள் எத்தனை பேர்!

"அப்ப கொரியாவுல நிறவெறியே இல்லைங்கிறீங்களா?" இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை. வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை என்று பலகை வைத்த கேளிக்கை விடுதிகள் உண்டு. பாகுபாட்டுக்கு எதிரான பொதுச் சட்டம் 2007-இல் முதலில் முன்வைக்கப்பட்டு இன்றுவரை அலைக்கழிகிறது. உண்மையான அவமானம் பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேச வேண்டும். காபிக் கோப்பையையும் முட்டை ஓட்டையும் நிறவெறி என்று கத்திக்கொண்டிருந்தால், அவர்கள் பேசும்போது யார் நம்புவார்கள்? எனக்குக் கோபமே அதில்தான்.

சியோலை ஒட்டிய புகான்சான் மலையையும் தம்பி விட்டுவைக்கவில்லை. "பயங்கரம், யாரும் உதவிக்கு வரல." 836 மீட்டர் பெக்உன்தே உச்சிக்குச் செருப்புக் காலோடு போயிருக்கிறார். கடைசிப் பகுதி முழுக்க வழுக்குப் பாறை, இரும்புக் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். குளிர்காலத்தில் அங்கே ஐசென் என்கிற முள்தகடைச் சப்பாத்தில் மாட்டாமல் போகக் கூடாது. புகான்சான் உஇ நிலையத்துக்குப் பக்கத்திலேயே வெளிநாட்டவருக்குச் சப்பாத்தும் உடையும் வாடகைக்குத் தரும் மலையேற்ற மையம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் 2007-லேயே எடுத்தாயிற்று. வழி நெடுக எண் போட்ட கம்பங்கள் நிற்கின்றன. மீட்புப் படையின் அவசர எண்ணான 119-ஐ அழைத்து அந்தக் கம்பத்தில் இருப்பதைப் படித்துச் சொன்னால் நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். கம்பத்தில் எண்ணுக்கு முன்னால் இரண்டு கொரிய எழுத்துக் கட்டம் இருக்கும். தம்பி அதன்மேல் சாய்ந்து நின்று வீடியோ எடுத்திருக்கிறார்.

"ஆராய்ச்சி வேலையே பதினாலு மணி நேரம், இதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்று டேஜான் நகரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குத்தான் இந்தக் கடைசிப் பகுதி.

2004-இல் வெளிநாட்டுத் தொழிலாளருக்காகக் கொரியா தொடங்கிய வேலை அனுமதி முறையில் இலங்கை இருக்கிறது, இந்தியா இல்லை. அந்த வழியில் தொழிற்சாலைக்கு வரும் இலங்கை இளைஞர் விமானம் ஏறுவதற்கு முன்பே கொரிய மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டும். வாசிப்பு உண்டு, கேட்டல் உண்டு, ஆபத்துப் பலகையைப் படிப்பதும் உண்டு. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் உட்கார்ந்து படித்துத்தான் பலர் தேறுகிறார்கள். வந்த பிறகு முதல் மூன்று வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வேலையிடம் மாற முடியாது. 2024 ஜூன் 24-இல் ஹ்வாசங் பேட்டரி ஆலையில் தீப்பிடித்து இறந்த 23 பேரில் 18 பேர் வெளிநாட்டவர். பாதுகாப்புப் பயிற்சி போதவில்லை என்பது விசாரணையில் வந்தது. இவர்களுக்குத்தான் அந்த ஊர்மேல் குறை சொல்ல ஆயிரம் காரணம் இருக்கிறது. இவர்களைப் பற்றி நம்மில் ஒருவரும் வீடியோ போடவில்லை. உதவித்தொகையோடு வந்து, குளிரூட்டிய ஆய்வகத்தில் உட்கார்ந்து, மூன்று வருடத்தில் ஓர் எழுத்துகூடப் படிக்காதவர்கள் காபிக் கோப்பைக்காகக் கொதிக்கிறோம்.

தம்பி, அடுத்த முறை வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை 4-ஆம் வழித்தடத்தில் ஆன்சான் நிலையம் வரை போங்கள். எதிரே வொங்கொக்தொங், பல நாட்டுக்காரர்கள் கூடும் தெரு. அங்கே நம் ஊர்ச் சாமான் வாங்க வந்திருக்கும் இலங்கைக்காரர் ஒருவரை நிறுத்தி, எழுத்துப் படிக்க எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். அந்தப் பதிலை வீடியோவாகப் போடுங்கள். நானே பகிர்கிறேன்.